யுஎஸ்பி டிரைவில் நிறுவி எடுத்துச் செல்லும் இயங்குதளம்: கேள்வி பதில்

வெளி யுஎஸ்பி டிரைவில் ஒரு முழு இயங்குதளத்தை நிறுவி, கிடைக்கும் கணினியில் செருகிப் பயன்படுத்துவது தொடர்பாகப் பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் லினக்ஸ் பற்றியவை; விண்டோஸும் மேக்கும் பின்னால் வருகின்றன.

கேள்வி: வணக்கம் ஐயா. பென் டிரைவில் உபுண்டு லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் முழுப் பிரதியை) எழுதி வைத்திருக்கிறேன். நன்றாகவே இயங்குகிறது. ஆனால் சேமித்த கோப்புகளும் நிறுவிய மென்பொருள்களும் கணினியை அணைத்ததும் மறைந்துவிடுகின்றன. இவற்றை நிலைக்கச் செய்ய வழி உண்டா?

பதில்: நீங்கள் வைத்திருப்பது லைவ் யுஎஸ்பி. அதில் இயங்குதளம் முழுவதும், படிக்க மட்டுமே இயலும் சுருக்கக் கோப்புகளில் அடங்கியிருக்கிறது; நீங்கள் செய்யும் மாற்றங்கள் ரேமில் தங்கி, கணினி அணைந்ததும் போய்விடுகின்றன. இது பழுதல்ல, வடிவமைப்பே அப்படித்தான்.

மாற்றங்களைத் தனி பார்ட்டிஷனில் (டிரைவில் பிரித்து ஒதுக்கிய பகுதியில்) எழுதி, அடுத்த முறை அவற்றை மூல இயங்குதளத்தின் மேல் ஓர் அடுக்காகப் போர்த்திக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. அதற்குப் பெர்சிஸ்டன்ஸ் என்று பெயர். ரூஃபஸ் கருவியில் ஐஎஸ்ஓவை எழுதும்போதே அதற்கான இடத்தை ஒதுக்கிவிடலாம். ஆனால் அன்றாட வேலைக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னல் அந்த அடுக்கிலிருந்து அல்லாமல் மூலப் பிரதியிலிருந்தே ஏற்றப்படுவதால், அதைப் புதுப்பித்தாலும் அடுத்த முறை பழையதே வந்து நிற்கும். வேண்டாத மென்பொருளை நீக்கினாலும், மூலப் பிரதியில் அது அப்படியே இருப்பதால் இடம் மிச்சமாகாது. பழுதான கணினியிலிருந்து கோப்புகளை மீட்க, ஒரு மென்பொருளைச் சோதித்துப் பார்க்க, லைவ் யுஎஸ்பியே போதும். தினமும் உட்கார்ந்து வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், ஹார்டு டிஸ்க்கில் நிறுவுவது போலவே வெளி டிரைவில் முழுமையாக நிறுவிவிடுங்கள்.

கேள்வி: முழுமையாக நிறுவுவதற்கு என்னிடம் இருக்கும் 32 ஜிபி பென் டிரைவ் போதுமா?

பதில்: இடம் போதும், வேகம் போதாது. பெரிய வீடியோ ஒன்றைப் பென் டிரைவில் நகலெடுக்கும்போது தெரியும் வேகத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது தொடர்ச்சியாக எழுதும் வேகம். இயங்குதளமோ சில கிலோபைட் அளவுள்ள துண்டுகளை ஆயிரக்கணக்கில் அங்குமிங்குமாக எழுதிக்கொண்டே இருக்கும். சாதாரணப் பென் டிரைவின் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு அதற்காகச் செய்யப்பட்டதல்ல. விளைவு எப்படி இருக்கும் என்றால், உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்ததும் மவுஸ் அம்புக்குறி நகரும், ஆனால் சாளரம் மட்டும் மங்கி உறைந்து நிற்கும்; டிரைவின் விளக்கு நிற்காமல் மினுங்கும்; சில நொடிகள் கழித்து நீங்கள் தட்டிய எழுத்துகள் எல்லாம் மொத்தமாக வந்து விழும்.

ஆகவே சிறிய எஸ்எஸ்டி ஒன்றை யுஎஸ்பி உறையில் போட்டுப் பயன்படுத்துங்கள். பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய எஸ்எஸ்டி கூட உயர்தரப் பென் டிரைவைவிட நன்றாக உழைக்கும். போர்ட்டையும் கவனியுங்கள். யுஎஸ்பி 2.0 வினாடிக்கு 480 மெகாபிட் என்று சொல்லப்பட்டாலும், நடைமுறையில் 40 மெகாபைட்டைத் தாண்டுவது அரிது. 3.0 போர்ட்டின் வரம்பு 5 கிகாபிட்.

கேள்வி: நிறுவுவதற்கு இரண்டு யுஎஸ்பி டிரைவுகள் கட்டாயம் வேண்டுமா?

பதில்: பொதுவாக ஆம். ஒன்றில் நிறுவும் மென்பொருள், அதாவது லைவ் யுஎஸ்பி; மற்றொன்று இயங்குதளம் குடியேறப் போகும் டிரைவு. ஒன்றுதான் இருக்கிறது என்றால், விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளால் அமையும் இன்னொரு கணினி) ஒன்றை உருவாக்கி, அதில் ஐஎஸ்ஓவைச் சிடி போல இணைத்து, வெளி டிரைவை அதனிடம் ஒப்படைத்து நிறுவலாம். மெஷினின் அமைப்பில், இன்றைய கணினிகள் எழும்பும் யுஇஎஃப்ஐ முறையைத் தேர்ந்தெடுக்க மறவாதீர்கள். உங்கள் கணினியின் உள் டிஸ்க் அந்த மெஷினின் கண்ணில் படவே படாது என்பது இதில் கிடைக்கும் பெரிய நன்மை. அது ஏன் பெரியது என்பதை அடுத்த கேள்வியே சொல்லிவிடுகிறது.

கேள்வி: நிறுவும்போது வெளி எஸ்எஸ்டியைத்தான் தேர்ந்தெடுத்தேன். என் மடிக்கணினியில் நன்றாக இயங்கியது. ஆனால் டிரைவைக் கழற்றியபின் மடிக்கணினி விண்டோஸுக்குப் போகாமல், கறுப்புத் திரையில் கிரப் என்ற சொல்லை மட்டும் காட்டி நிற்கிறது. அதே டிரைவை வேறு கணினியில் செருகினால், டிரைவு இருப்பதாகவே அது காட்டவில்லை. இரண்டும் கெட்டுவிட்டனவா?

பதில்: இரண்டும் கெடவில்லை, பதற வேண்டாம். முதன்முறை நானும் இதே பள்ளத்தில்தான் விழுந்தேன், அதுவும் உறவினர் ஒருவரின் மடிக்கணினியில். அன்று இரவு முழுவதும் அவருக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். யுஇஎஃப்ஐ கணினியில் இயங்குதளத்தை ஏற்றிவிடும் பூட்லோடர் என்பது இஎஸ்பி எனப்படும், ஃபேட்32 முறையில் அமைந்த ஒரு சிறு பார்ட்டிஷனில் இருக்கும் கோப்பு. சில லினக்ஸ் நிறுவிகள், நீங்கள் எந்த டிரைவைச் சுட்டியிருந்தாலும், கணினியில் ஏற்கெனவே இருக்கும் உள் டிஸ்க்கின் இஎஸ்பியிலேயே பூட்லோடரை எழுதிவிடுகின்றன. உபுண்டுவின் பழைய நிறுவியில் இது பல ஆண்டுகள் தீராத குறையாக இருந்தது. அதாவது உடல் வெளி டிரைவில், தலை மடிக்கணினியில். டிரைவைக் கழற்றியதும் மடிக்கணினியில் தங்கிய கிரப் என்ற பூட்லோடர் தன் உடலைத் தேடிக் காணாமல் நின்றுவிடுகிறது. வேறு கணினிக்குப் போன டிரைவில் தலையே இல்லை என்பதால் அது எழுவதில்லை.

முதலில் மடிக்கணினியைச் சரிசெய்யுங்கள். பூட் மெனுவுக்குள் சென்று, விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற பதிவைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் வந்துவிடும். பிறகு பயாஸ் அமைப்பில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) அதையே முதலிடத்துக்கு உயர்த்திவிடுங்கள். உள் இஎஸ்பியில் உபுண்டு என்ற பெயரில் மிஞ்சியிருக்கும் கோப்புறையால் தீங்கு ஒன்றுமில்லை.

அடுத்தது டிரைவு. கணினிக்கு முன்பின் அறிமுகமில்லாத டிரைவு செருகப்பட்டால், மதர்போர்டின் மென்பொருளான ஃபர்ம்வேர் அதன் இஎஸ்பியில் ஒரே ஓர் இடத்தில்தான் தேடும். இஎஃப்ஐ என்ற கோப்புறை, அதற்குள் பூட் என்ற கோப்புறை, அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு. உபுண்டு என்ற கோப்புறையில் இருப்பதை ஃபர்ம்வேர் தானாகக் கண்டுபிடிக்காது. அதற்கான முகவரி அந்தந்தக் கணினியின் மதர்போர்டு நினைவகத்தில் எழுதப்படுகிறதே ஒழிய, டிரைவோடு பயணம் செய்வதில்லை. எனவே வெளி டிரைவிலேயே 300 முதல் 500 எம்பி அளவில் ஓர் இஎஸ்பி இருக்க வேண்டும். இல்லையென்றால் பார்ட்டிஷன்களை அமைக்கும் ஜிபார்ட்டட் கருவியைக் கொண்டு உருவாக்குங்கள். பிறகு லைவ் யுஎஸ்பியிலிருந்து அந்த நிறுவலுக்குள் நுழைந்து, அந்த இஎஸ்பியை இணைத்து, கிரப் இன்ஸ்டால் கட்டளையை ரிமூவபிள் என்ற விருப்பத்துடன் கொடுத்தால், பூட்லோடர் மேலே சொன்ன இடத்தில் போய் அமரும்.

இத்துடன் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். எழும்போது இணைக்க வேண்டிய பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து, பூட் இஎஃப்ஐ என்ற வரியில் இருக்கும், பார்ட்டிஷனின் அடையாளமான யுயுஐடி எண்ணைப் பாருங்கள். அது இன்னும் மடிக்கணினியின் இஎஸ்பியைத்தான் குறித்துக்கொண்டிருக்கும். அதை அப்படியே விட்டால், வேறு கணினியில் இயங்குதளம் பாதிவரை எழுந்து, இல்லாத பார்ட்டிஷனுக்காக 90 நொடி காத்திருந்து, அவசர நிலைத் திரையில் விழுந்துவிடும். எண்ணை வெளி டிரைவின் இஎஸ்பிக்கு உரியதாக மாற்றுங்கள்.

இனி நிறுவப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தத் தொல்லை முழுவதையும் தவிர்க்க, நிறுவும் நேரத்தில் உள் டிஸ்க்கைக் கழற்றிவையுங்கள். அல்லது பயாஸில் அதை முடக்குங்கள். அல்லது முன்சொன்ன விர்ச்சுவல் மெஷின் வழியை நாடுங்கள்.

கேள்வி: என் மடிக்கணினியில் எழும் டிரைவு, அலுவலகக் கணினியில் பூட்லோடர் மெனு வரை வந்து, பிறகு வெறும் கறுப்புத் திரையாகிவிடுகிறது. ஏன்?

பதில்: இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கலாம். என்விடியா கிராஃபிக்ஸ் அட்டையின் தனியுரிமை டிரைவரை நிறுவியிருந்தீர்களா? எடுத்துச் செல்லும் இயங்குதளத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது. கெர்னலோடு வரும் திறந்தமூல டிரைவர்கள் விளையாட்டுகளுக்குப் போதாவிட்டாலும், எல்லாத் திரையிலும் படத்தைக் காட்டிவிடும்.

மற்றொன்று இனிட்ராம்எஃப்எஸ். கெர்னல் எழும்போது டிஸ்க்கைத் திறக்கத் தேவையான டிரைவர்களைச் சுமந்துவரும் சிறு பொதி அது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வெளியீடு, நிறுவிய கணினிக்குத் தேவையானவற்றை மட்டும் கட்டிக்கொள்ளும். அதில் பொதியைக் கட்டும் டிராகட் கருவியின் அமைப்பில் ஹோஸ்ட்ஒன்லி என்பதை அணைத்து, பொதியை மறுபடி உருவாக்குங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் மாட்யூல்ஸ் என்பதன் மதிப்பு 'மோஸ்ட்' என்று இருக்கிறதா என உறுதிசெய்தால் போதும்.

கணினி உங்கள் அலுவலகத்துக்குச் சொந்தமானது என்பதால், தொழில்நுட்பப் பிரிவிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுவிடுங்கள். வெளி டிரைவிலிருந்து எழுப்புவதைப் பல இடங்களில் விதிமீறலாகவே கருதுகிறார்கள்.

கேள்வி: கையொப்பமில்லாத பூட்லோடரைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்கத்தான் வேண்டுமா?

பதில்: உபுண்டு, ஃபெடோரா, 2019-இல் வந்த டெபியன் 10 முதலான பதிப்புகள் ஆகியவற்றுக்குத் தேவையில்லை, அவற்றின் பூட்லோடர் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பத்தோடு வருகிறது. வேறு வெளியீடுகளுக்காக அணைக்க நேர்ந்தால், முதலில் அந்தக் கணினியின் விண்டோஸில் டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். செக்யூர் பூட் நிலை மாறியதைக் கண்டதும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் கையில் இல்லாமல் பயாஸில் கைவைக்காதீர்கள். பிறர் கணினியில் அறவே வேண்டாம்.

கேள்வி: டிரைவு விரைவில் தேய்ந்துபோகாமலும், தொலைந்தால் தகவல் பிறர் கைக்குப் போகாமலும் காப்பது எப்படி?

பதில்: தேய்மானத்துக்கு எளிய ஏற்பாடுகள் போதும். எஃப்எஸ்டேப்பில் நோஏடைம் விருப்பத்தைச் சேருங்கள். இல்லாவிட்டால் கோப்பைப் படிப்பதும் அவ்வப்போது ஓர் எழுத்துவேலையாகிவிடும். ஸ்வாப்பை (ரேம் போதாதபோது உதவும் இடத்தை) டிரைவில் வைக்காமல், தகவலைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம் மூலம் ரேமிலேயே அமையுங்கள். எஸ்எஸ்டி என்றால் இதற்கு மேல் கவலைப்பட வேண்டியதில்லை.

தொலைந்துபோவதுதான் உண்மையான ஆபத்து. சட்டைப்பையில் போகும் பொருள் என்றாவது விழும். நிறுவும்போதே லக்ஸ் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். நிறுவி முடித்தபின் சேர்ப்பது பெரும் வேலை. கடவுச்சொல்லை மறந்தால் உங்களாலும் திறக்க முடியாது என்பதால், காப்புப் பிரதி ஒன்றைத் தனியே வைத்திருங்கள்.

கேள்வி: விண்டோஸை இப்படி நிறுவ முடியுமா? மேக்கில் இந்த டிரைவு இயங்குமா?

பதில்: விண்டோஸின் நிறுவி யுஎஸ்பி டிரைவை ஏற்க மறுத்துவிடும். விண்டோஸ் 8 காலத்தில் இதற்கென்றே விண்டோஸ் டு கோ என்ற வசதியை மைக்ரோசாஃப்ட் தந்தது. 2020-இல் வந்த விண்டோஸ் 10-இன் 2004 பதிப்போடு அதை நீக்கிவிட்டது. ரூஃபஸ் கருவியில் அதே பெயரில் இன்றும் ஒரு விருப்பம் இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால் கணினி மாறும்போதெல்லாம் டிரைவர்களைத் தேடி நெடுநேரம் எடுத்துக்கொள்வதால் எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

இன்டெல் சில்லு கொண்ட மேக்கில், ஆப்ஷன் விசையை அழுத்தியபடி இயக்கினால் டிரைவு தெரியும். ஆப்பிளின் பாதுகாப்புச் சில்லான டி2 உள்ளவற்றில் வெளி டிரைவிலிருந்து எழும்ப முன்னரே அனுமதி தந்திருக்க வேண்டும். எம்1 முதலான ஆப்பிள் சில்லு மேக்குகளில், சாதாரணக் கணினிக்காக நிறுவிய லினக்ஸ் எழவே எழாது, ஏனெனில் செயலியின் மொழியே வேறு.

கேள்வி: என் டிரைவிலிருந்து எழுப்பும்போது, அந்தக் கணினியின் விண்டோஸ் கோப்புகளுக்கு ஏதேனும் ஆகுமா?

பதில்: நீங்களாகத் தொடாதவரை ஒன்றும் ஆகாது. தொட நேர்ந்தால் ஒரு கண்ணி இருக்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் விண்டோஸ், ஷட்டவுன் கொடுத்தாலும் முழுமையாக அணைவதில்லை; கெர்னலின் நிலையை டிஸ்க்கில் உறையவைத்துவிட்டுப் போகிறது. அந்நிலையில் அதன் பார்ட்டிஷனில் நீங்கள் எழுதினால், திரும்ப எழும் விண்டோஸ் தன் நினைவில் இருக்கும் பழைய நிலையை நம்பிச் செயல்பட்டு, கோப்புகளைக் குழப்பிவிடும். எனவே படிக்க மட்டும் திறந்துகொள்ளுங்கள். எழுதியே ஆக வேண்டுமானால், முதலில் விண்டோஸுக்குள் சென்று, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்து முழுமையாக அணைத்துவிட்டு, அதன்பின் உங்கள் டிரைவைச் செருகுங்கள்.