பள்ளிக்கூடச் சேலைகள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புத் தங்கச்சிக்கு,

முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்துவிட்டுப் போன ஆண்டு ஓய்வுபெற்றேன். இருப்பது காரைதீவில். வீட்டில் இரண்டு அலுமாரி. இரண்டிலும் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன சேலைகள்தான். எண்ணினால் நூற்றைம்பதுக்குக் குறையாது. இந்த மாரி முடிந்து கதவைத் திறந்தபோது கீழ்த்தட்டிலிருந்து பூஞ்சண மணம் வந்தது. கனடாவில் இருக்கும் மகள் வீடியோ கோலில் இதைப் பார்த்துவிட்டு, "இங்கே பனி முடிந்ததும் எல்லாரும் வீட்டை ஒதுக்குவார்கள் அம்மா. ஒரு வருடம் உடுக்காததை யோசிக்காமல் வெளியே போடுங்கள், யாராவது ஏழைகள் எடுப்பார்கள்" என்கிறாள். சித்திரை வருசத்துக்கு முன்னம் முடிக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எனக்கோ கை வருவதில்லை. இது பிள்ளைகள் பிரியாவிடைக்குத் தந்தது, இது இடமாற்றம் கிடைத்த மாதம் எடுத்தது என்று ஒவ்வொன்றையும் திரும்ப மடித்து வைத்துவிடுகிறேன். அதோடு அவருடைய சாரமும் சேட்டும் இன்னும் அப்படியே கிடக்கின்றன. ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியை,
காரைதீவு

அன்பின் ரீச்சர்,

மகள் சொல்வதில் பாதி சரி. அலுமாரியை ஒதுக்கத்தான் வேண்டும். அதற்குப் பங்குனியை விட நல்ல மாதம் நமக்கு இல்லை. அந்த ஒரு வருடக் கணக்கையும், "யாராவது ஏழைகள் எடுப்பார்கள்" என்பதையும்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கனடாவில் மாதக் கணக்காகக் கதவு யன்னலைப் பூட்டிக்கொண்டு, ஹீற்றர் சூட்டில் இருக்கிறார்கள். பனி உருகியதும் எல்லாவற்றையும் திறந்து தூசு தட்டுகிறார்கள். குளிருக்கு ஒரு உடுப்பு, வெயிலுக்கு ஒரு உடுப்பு என்று அங்கே வருடம் சுற்றுகிறது. ஒரு முழுச் சுற்று முடிந்தும் ஒரு சட்டை வெளியே வரவில்லையென்றால் இனியும் வராது. அந்த ஊருக்கு அது சரியான கணக்கு. நமக்கு எப்படிப் பொருந்தும்? கூறைச் சேலையை வருடத்துக்கு ஒருமுறை உடுக்கிறவர் யார்? செத்தவீட்டுக்கென்று வைத்திருக்கும் வெள்ளைச் சேலையை ஒரு வருடம் எடுக்கவில்லையென்றால் அது நமக்கு நல்ல வருடம். வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி அம்மன் கோயிலடிக்குக் கட்டிப்போனது அடுத்த வைகாசியில்தான் வெளியே வரும். நீங்கள் ஓய்வுபெற்றே ஒரு வருடம் ஆகிறது. மகளின் கணக்கில் பார்த்தால் இரண்டு அலுமாரியும் ஒரே நாளில் காலியாகிவிடும்.

நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு. நாளைக் காலையில் ஒரு இடத்துக்குப் போகவேண்டி வந்தால் இதைக் கட்டுவேனா? பிளவுஸ் கையில் ஏறுமா? இந்தச் சேலையின் பாரத்தை இப்போதைய இடுப்பு தாங்குமா? மூன்றுக்கும் ஓம் என்றால் அது இருக்கட்டும். கோயில், கலியாணவீடு, செத்தவீடு, ஆஸ்பத்திரி, பென்சன் அலுவல் என்று நீங்கள் போய்வரும் இடங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு அலுமாரியின் பாதி போதும் என்று உங்களுக்கே தெரியவரும்.

கட்டில் முழுக்கக் கொட்டிக் குவித்துத் தொடங்கவேண்டாம். வீடியோக்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள். மத்தியானத்துக்குள் களைத்துப்போய், பின்னேரம் எல்லாவற்றையும் அள்ளித் திரும்ப உள்ளே தள்ளத்தான் அது வழி. வெயிலுள்ள நாளாகப் பார்த்து ஒரு தட்டு மட்டும் எடுங்கள். பூஞ்சணம் உள்ள கீழ்த்தட்டிலிருந்தே தொடங்குங்கள்.

அந்தப் பூஞ்சணத்துக்கு உங்கள் கவனக்குறைவு காரணமில்லை. கார்த்திகையிலிருந்து தை வரை வாடைக் காற்றோடு மழை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் வாவியும். காற்றின் ஈரப்பதம் எழுபது வீதத்துக்கு மேல் நின்றாலே பூஞ்சணம் வளரும். நமது மாரியில் அது நாட்கணக்காக அதற்கும் மேலேதான் நிற்கிறது. சேலைகளை இறுக்கி அடுக்கிவிட்டால் இடையில் காற்று புகாது. பொலித்தீன் உறைக்குள் போட்டு வைத்தால் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். பாதியைக் குறைத்துவிட்டு மிச்சத்தைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். விலை கூடியதெல்லாம் மேல்தட்டுக்குப் போகட்டும். 2011 தை மாத வெள்ளத்தைப் பார்த்த யாருக்கும் இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஒரு சேலையை எடுத்து முழு ஆறு யாரையும் விரித்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த கோட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், பட்டாக இருந்தால் அந்தக் கோட்டில்தான் முதலில் நூல் இற்றிருக்கும். வருடக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்ததன் விளைவு அது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் இவ்வளவுக்கு வராது. அடுத்து தோள்பட்டையில் பின் குத்தும் இடம். உங்கள் சேலைகள் பலவற்றில் அந்த இடத்தில் சின்னஞ்சிறு துளைகளும், பின்னைக் கழற்ற மறந்த நாளில் பிடித்த துருவும் இருக்கும். வெள்ளைப் பருத்தி என்றால் எலுமிச்சம் புளியும் உப்பும் தடவி வெயிலில் வைத்துக் கழுவுங்கள். துரு மங்கும். நிறச் சேலையில் அதைச் செய்யவேண்டாம், நிறமும் போய்விடும். பிறகு கீழ்க்கரை. பேருந்துப் படியிலும் வகுப்பறை வாசலிலும் உரசி ஃபோல் தேய்ந்திருக்கும். ஃபோலை மட்டும் மாற்றினால் சேலை இன்னும் பல வருடம் போகும்.

கஞ்சி போட்ட சேலையை அப்படியே உள்ளே வைத்திருந்தால் கழுவிக் கஞ்சியை எடுத்துவிட்டு வையுங்கள். மாச்சத்தைத் தேடித்தான் வெள்ளிப்பூச்சி வருகிறது. பருத்தியை வெயிலில் போடலாம். பட்டுக்கு நிழலும் காற்றும் போதும்.

பூச்சி வராமல் அலுமாரியில் போடும் நப்தலின் உருண்டையைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்லவேண்டும். பழஞ்சேலை பிறந்த குழந்தைக்கு ஏணை கட்டப் போகும், துணியாகக் கிழித்துப் போடவும் போகும். ஒருவகை நொதியக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு, நப்தலினோடு கிடந்த துணியால் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சட்காமாலை வருவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. அதனால் குழந்தைக்குப் போகும் துணி இருக்கும் தட்டில் அந்த உருண்டை வேண்டாம். காய்ந்த வேப்பிலையையோ வசம்பையோ துணியில் முடிந்து வையுங்கள். அது பலம் குறைந்ததுதான். அதனால் அடிக்கடி மாற்றவேண்டும்.

இனி, யாருக்குக் கொடுப்பது?

"யாராவது ஏழைகள் எடுப்பார்கள்" என்று மகள் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ரீச்சர், நீங்களும் நானும் 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு வந்த உடுப்பு மூட்டைகளைப் பார்த்தவர்கள். இலங்கையில் அன்று மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது நமது அம்பாறை மாவட்டம். உடுத்த துணியோடு வந்து பாடசாலைகளில் தங்கியிருந்த சனத்துக்கு உடுப்பு வேண்டும் என்பது உண்மை. நல்ல மனதோடு கழுவி மடித்து அனுப்பியவர்கள் எத்தனையோ பேர். அவர்களை மறக்கக்கூடாது. அதே லொறியில்தான் பொத்தான் இல்லாத சேட்டும், கக்கத்தில் கிழிந்த பிளவுஸும், இந்த வெயிலில் ஒருவரும் போடமுடியாத கம்பளிக் கோட்டும் வந்தன. பெண்களுக்கு அந்த நேரம் தேவைப்பட்டது உள்ளாடையும் மாதவிலக்குத் துணியும் நைற்றியும். அதை வாய்விட்டுக் கேட்கவும் முடியாமல் கூச்சத்தோடு நின்றார்கள். வேண்டாத உடுப்போ குவிந்து, மழையில் நனைந்து, கடைசியில் அதுவே இன்னொரு குப்பையானது. எல்லாவற்றையும் இழந்து நின்றவர்கள் அதையும் அள்ளிக் கொட்டவேண்டி வந்தது.

அதற்குப் பிறகு நான் உடுப்புக் கொடுப்பதில் ஒன்றில் பிடிவாதமாக இருக்கிறேன். கொடுக்கும் உடுப்புக்கு ஒரு ஆள் இருக்கவேண்டும். இந்தச் சேலை இன்னாருக்கு என்று மனதில் முகம் வரவேண்டும். அவரிடம் முதலில் கேட்கவேண்டும், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் விடவேண்டும். கழுவி, அயர்ன் பண்ணி, அறுந்த கொளுக்கியைத் தைத்து, பையில் போட்டுக் கையில் கொடுக்கவேண்டும். கோயில் வாசலில் மூட்டையாக இறக்கிவிட்டு வருவதை நான் கொடுத்ததாக நினைக்கமாட்டேன்.

உங்களுக்கு அந்த ஆள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறார். தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. ஆசிரியராகப் படிக்கும் பிள்ளைகள் கற்பித்தல் பயிற்சிக்குப் பாடசாலைக்குப் போகும்போது பலருக்குச் சேலை வேண்டும். ஒன்றிரண்டு போதாது, வாரம் முழுக்க மாற்றிக் கட்டவேண்டும். வயல் கூலியிலும் தோணியிலும் பிழைக்கும் வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய செலவு? 2022 நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலை தவிர்த்து வேறு உடையில் பாடசாலைக்கு வந்தபோது நாடு முழுக்க நடந்த விவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். சேலையின் விலையும் அதில் ஒரு பேச்சாக இருந்தது. சம்பளம் எடுக்கிறவர்களுக்கே அப்படியென்றால் படிக்கிற பிள்ளைகளின் நிலையை நீங்களே யோசியுங்கள்.

உங்கள் சேலைகள் பாடசாலைக்கென்றே தெரிந்தெடுத்தவை. கண்ணை உறுத்தாத நிறம், மெல்லிய கரை, கரும்பலகைப் பக்கம் திரும்பினாலும் நழுவாத துணி. மருதமுனைக் கைத்தறிச் சேலை இருந்தால் அதை முதலில் எடுத்து வையுங்கள். துவைக்கத் துவைக்க மெதுமையாகி உடம்போடு ஒட்டி வரும். புதிதாகக் கட்டப் பழகும் பிள்ளைக்கு அதைப்போல் கைக்கு அடங்கும் சேலை வேறு இல்லை. பிளவுஸைக் கொடுப்பதானால் பக்கத் தையலைப் பிரித்து உள்ளே துணி விட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விரித்துத் தைக்கலாம். இல்லையென்றால் சேலையை மட்டும் கொடுங்கள்.

ஊரில் அந்தக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளை ஒன்றாவது இருக்கும், உங்களிடமே படித்த பிள்ளையாகவும் இருக்கலாம். வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அலுமாரியைத் திறந்துவிட்டு, பிடித்ததை எடு மகள் என்று சொல்லுங்கள். நீங்கள் தெரிந்து கொடுப்பதை விட அவள் தெரிந்து எடுப்பது நல்லது. உங்களுக்குக் கை வராமல் நிற்கிறதே, அதற்கும் இதுதான் வழி என்று நினைக்கிறேன். பிரியாவிடைக்குப் பிள்ளைகள் தந்த சேலை இன்னொரு வகுப்பறைக்குப் போகிறது என்றால் உங்கள் கை தடுக்காது.

மிச்சம் வரும் கிழிசலுக்கும் வழி இருக்கிறது. பருத்தி என்றால் ஏணைக்கும் துடைக்கவும், எண்ணெய் துடைக்க கராஜுக்கும் போகும். நைலோன் சேலை ஈரம் உறிஞ்சாது, துடைக்க உதவாது. ஆனால் வெயிலையும் மழையையும் தாங்கும். பன்றியும் மயிலும் வரும் தோட்டத்துக்கு வேலி மறைப்பாகக் கட்டக் கேட்பார்கள். கால்மிதி பின்னுகிறவர்களும் எடுப்பார்கள். பின்வளவில் போட்டு எரிக்கமட்டும் வேண்டாம். நைலோனும் பொலியஸ்ரரும் உருகி எரியும் புகை வீட்டுக்குள்தான் வரும். பொலித்தீன் பையில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினால் வேலை முடிந்தது என்றும் நினைக்கமுடியாது. அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீனைத் தின்று காட்டு யானைகள் செத்துக்கொண்டிருந்த செய்தி 2022இல் உலகம் முழுக்கப் போனது. நமது வீடுகளின் குப்பை போய்ச் சேரும் இடங்கள் அப்படித்தான் இருக்கின்றன.

ஐயாவின் சாரமும் சேட்டும் இந்தக் கணக்கில் வரவேண்டாம். அவை துப்புரவு வேலையில் சேர்ந்தவை இல்லை, அவற்றுக்குச் சித்திரை என்ற தவணையும் இல்லை. மேல்தட்டில் தனியாக, துணியில் சுற்றி, மற்றவற்றோடு சேர்த்து வெயில் காட்டி வையுங்கள். எப்போதாவது ஒரு சாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளத் தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது கொடுக்கத் தோன்றினால் கொடுங்கள். இரண்டில் எது செய்தாலும் யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை, மகளுக்கும்.

மகளிடம் இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். அடுத்தமுறை ஊருக்கு வரும்போது அங்கே மலிவில் கிடைத்தது என்று சூட்கேஸ் நிரம்ப ஆளுக்கு ஆள் உடுப்பு வாங்கிவர வேண்டாம். அலுமாரி திரும்ப நிரம்புவது அங்கிருந்துதான். வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால், அந்தப் பணத்தில் பயிற்சிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளுக்கு மருதமுனையில் சேலை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். தறிக்காரர் வீட்டுக்கும் நாலு காசு போகும்.

பூஞ்சணக் கறை போகாமல் நின்றால் எந்தத் துணி, என்ன நிறம் என்று குறித்து எழுதுங்கள். பருத்திக்குச் செய்வதைப் பட்டுக்குச் செய்யமுடியாது. அதுவரை அந்தச் சேலைகளை மற்றவற்றோடு சேர்த்து அடுக்கவேண்டாம்.

அன்புடன்.