காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன் செட்) வாங்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

கேள்வி: தினமும் ஓட்டுகிற கார். அவ்வப்போது டிராக்கிலும் இறக்குவேன். நண்பர் 10 கிலோ ஸ்பிரிங் (1 மிமீ அமுக்க 10 கிலோ விசை வேண்டும்) போட்டிருக்கிறார். நானும் அதையே போடலாமா?

பதில்: இரண்டும் ஒரே மாடலா? இல்லையென்றால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேராது. சக்கரம் 1 மிமீ ஏறினால் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும் என்றொரு விகிதம் உண்டு. ஸ்பிரிங்கின் விறைப்பை அதன் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் (ஷாக் அப்சார்பரே சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு) அது 0.95 என்றால், மில்லிமீட்டருக்கு 6 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் 5.4 ஆகும். டபுள் விஷ்போனில் (மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு) 0.7 என்றால் அதே ஸ்பிரிங் 3 கிலோதான்! அப்புறம் காரின் எடையும் இருக்கிறது. சாதாரண ரோட் டயர்தான் என்றால் ரொம்ப விறைப்பாகப் போகாதீர்கள். டயர் பிடிக்காத இடத்தில் ஸ்பிரிங் என்ன செய்யும்?

கேள்வி: டேம்பரின் (ஷாக் அப்சார்பரின்) விறைப்பை மாற்றும் திருகில் 32 கிளிக் உள்ள செட், 12 கிளிக் உள்ள செட். எது மேல்?

பதில்: கிளிக்கை எண்ணி டேம்பர் வாங்காதீர்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் விசை சீராக மாறுகிறதா, இடதும் வலதும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. டைனோ கிராஃப் (டேம்பரின் விசையை இயந்திரத்தில் அளந்த வரைபடம்) கேளுங்கள். தர மறுக்கிறவரிடம் நான் வாங்க மாட்டேன். ஒரே திருகு உள்ள பல செட்டுகளில் ரீபவுண்டும் (நீளும்போது வரும் எதிர்ப்பு) கம்ப்ரஷனும் (அமுங்கும்போது வரும் எதிர்ப்பு) சேர்ந்தே மாறும், அது பரவாயில்லை. ரோட்டுக்கும் டிராக்குக்கும் அது போதும்.

கேள்வி: மோனோடியூப் (ஒற்றைக் குழாய்) டேம்பர்தான் வாங்க வேண்டுமா?

பதில்: தொடர்ந்து லேப் ஓட்டினால் அது சூட்டை நன்றாகத் தாங்கும், எண்ணெய் நுரைக்காது. ஆனால் மட்டமான மோனோடியூபைவிட நல்ல ட்வின்டியூப் (இரட்டைக் குழாய்) எவ்வளவோ மேல்.

கேள்வி: எவ்வளவு தாழ்த்தலாம்? ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவே இடைவெளியே தெரியக் கூடாது.

பதில்: அழகுக்கா, வேகத்துக்கா? மெக்ஃபர்சன் காரை அளவுக்கு மீறித் தாழ்த்தினால் கீழ் ஆர்ம் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கை) சக்கரத்தை நோக்கி மேலே சாய்ந்துவிடும். ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடுவதால், தாழ்ந்த கார் வளைவில் முன்பைவிட அதிகம் சாயத் தொடங்கும். அதோடு டேம்பர் அமுங்க இடமும் குறையும். இதை நீங்களே சோதிக்கலாம். டேம்பர் தண்டைச் சுற்றி ஒரு ஜிப் டையைக் கட்டி, டேம்பர் வாயருகே தள்ளி வைத்து, ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். தண்டில் மேலேறி பம்ப் ஸ்டாப்பில் (டேம்பர் முழுசாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) போய் முட்டியிருந்தால், வளைவில் நீங்கள் ஓட்டியது ஸ்பிரிங்கை அல்ல, ரப்பர் துண்டை. காரை உயர்த்துங்கள், அல்லது ஸ்பிரிங்கைக் கொஞ்சம் விறைப்பாக்குங்கள்.

கேள்வி: பிரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பது) கூட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகுமா?

பதில்: நேரியல் ஸ்பிரிங் (எவ்வளவு அமுங்கினாலும் விறைப்பு மாறாதது) என்றால் ஆகாது. கார் உயரும், அவ்வளவுதான்.

கேள்வி: டேம்பரின் மேல்முனையில் ரப்பர் மவுண்டா, பில்லோபாலா (உலோகக் கோள மூட்டு)?

பதில்: தினமும் ஓட்டுகிறீர்கள் என்றால் ரப்பர். பில்லோபாலில் ஸ்டியரிங் துல்லியமாக இருக்கும். தேயத் தொடங்கினால் சின்னக் குழிக்கும் 'டக் டக்' கேட்கும். கேம்பர் பிளேட் (சக்கரத்தின் சாய்வை மாற்றும் தட்டு) தேவைப்பட்டால் அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பொருத்தியாயிற்று. உடனே அலைன்மென்ட் பார்க்கலாமா?

பதில்: முதலில் கார் தன் எடையில் தரையில் நிற்கும்போது ஆர்ம் புஷ் (ஆர்ம் மூட்டிலுள்ள ரப்பர்) போல்ட்டுகளை இறுக்கிவிடுங்கள். லிஃப்ட்டில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். பிறகு கொஞ்ச தூரம் ஓட்டி, ஸ்பிரிங் அமர்ந்ததும் உயரத்தைச் சரிபார்த்து, கடைசியில் அலைன்மென்ட்.