பூனையின் வாயும் மாட்டின் கழுத்தும்: மூளைக்கு ஏறும் இரத்தம் பற்றிச் சில கேள்விகள்

2024 செப்டம்பரில் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்ததிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பூனைக்குத்தான் முதலிடம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மயக்க மருந்து கொடுத்து எங்கள் பூனைக்குப் பல் சுத்தம் செய்தார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து நாற்காலிக் காலில் முட்டிக்கொள்கிறது. கண்ணில் கோளாறு இல்லை என்கிறார்கள். பல்லுக்கும் பார்வைக்கும் என்ன சம்பந்தம்? (செங்காங் வாசகி)

சம்பந்தம் இருக்கிறது, தாடைக்குப் பின்னால். நமக்கும் நாய்க்கும் உட்கழுத்துத் தமனி நேராக மண்டைக்குள் ஏறி மூளைக்கு இரத்தம் கொடுக்கிறது. பூனையிலோ, பிறந்த சில வாரங்களில் அந்தத் தமனியின் கழுத்துப் பகுதி தூர்ந்து வெறும் நாராகிவிடும். அதன்பின் பெருமூளை பெரும்பாலும் நம்பியிருப்பது மேல்தாடைத் தமனியை. அது தாடை எலும்பை ஒட்டி வளைந்து போய், கண்குழிக்குப் பின்னால் மெல்லிய வலையாகப் பிரிந்து, பிறகே உள்ளே நுழைகிறது.

இப்போது பூனையின் வாயை அகலத் திறந்து பாருங்கள். கீழ்த்தாடையின் பின்மூலை, காதுக்கு அடியில் உருண்டிருக்கும் எலும்பை நோக்கி நகரும். தமனி இரண்டுக்கும் நடுவில். விழித்திருக்கும் பூனை கொட்டாவி விட்டு வாயை மூடிவிடுகிறது, ஆபத்தில்லை. மயக்கத்தில் கிடக்கும் பூனைக்கு ஸ்பிரிங் வைத்த வாய்த்திறப்பானை மாட்டி நெடுநேரம் விட்டால், அந்த நேரம் முழுக்க இரத்தம் குறைகிறது. முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் பார்வையைக் கையாளும் பெருமூளைப் பின்பகுதியின் புறணி, அதாவது அதன் மேலடுக்கு. விழித்திரைக்குச் சேதமில்லை, டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கும், ஆனால் முகத்தெதிரே கையை வீசினால் பூனை இமைக்காது. சிலவற்றுக்குக் காதும் கேட்காமல் போகும்.

மயக்க மருந்துக்குப் பின் இப்படிப் பார்வை இழந்த 20 பூனைகளைப் பற்றி 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பெரும்பாலானவற்றுக்கு வாய்த்திறப்பான் பயன்படுத்தப்பட்டிருந்தது. பாதிக்கு மேற்பட்டவை மறுபடி பார்வை பெற்றன. உங்கள் பூனைக்கும் அதுதான் காரணம் என்று நான் கடிதத்தைப் படித்துத் தீர்ப்பெழுத மாட்டேன். மயக்கத்தின்போது இரத்த அழுத்தம் மிகவும் இறங்கினாலும் இதே நிலை வரும். சாப்பாட்டுத் தட்டையும் மணல் பெட்டியையும் இடம் மாற்றாதீர்கள், சன்னல்களை அடைத்துவையுங்கள், மருத்துவரிடம் திரும்பக் காட்டுங்கள்.

மற்றவர்களுக்கு ஒன்று: பல் சிகிச்சைக்குத் தேதி வாங்கும்போதே “ஸ்பிரிங் வாய்த்திறப்பான் போடுவீர்களா?” என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற மருத்துவர் எனக்குச் சரிப்பட மாட்டார். வாயைத் தாங்கிப்பிடிக்கச் சிறிய குழாய்த் துண்டு போதும், அதையும் அவ்வப்போது எடுத்துவிட வேண்டும்.

நாய் கழுத்துப்பட்டையை இழுத்துக்கொண்டே நடக்கிறது. மூளைக்கு இரத்தம் நின்றுவிடுமா? (பிடோக்)

நிற்காது. நாயின் மூளையடியில் உள்ள வில்லிஸ் வளையத்துக்கு (தமனிகள் ஒன்றோடொன்று இணையும் வட்டம்) இரு உட்கழுத்துத் தமனிகளோடு, முதுகெலும்பின் துளைகள் வழியே பாதுகாப்பாக ஏறும் இரு தமனிகளும் இரத்தம் தருகின்றன. இரண்டு பக்கக் கழுத்துத் தமனிகளையும் கட்டிய பழைய பரிசோதனைகளில்கூட நாய்கள் பிழைத்திருக்கின்றன. நீங்கள் கவலைப்பட வேண்டியது கண்ணைப் பற்றி. பட்டையை இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதை 2006இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். மார்புப் பட்டையில் அப்படிக் கூடவில்லை. தட்டை மூக்கு நாய் என்றால் இன்றே மாற்றிவிடுங்கள்.

ஆட்டு மூளைக்கு அடியில் இரத்தக் குழாய்களாலான வலை இருக்கிறதாமே? தேக்கா சந்தையில் எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. (லிட்டில் இந்தியா)

உங்களுக்கு விற்கப்படுவது மூளை மட்டும். வலை தடித்த மூளையுறைக்கு வெளியே, மண்டையின் தளத்தோடு ஒட்டியிருப்பது. கடைக்காரர் மூளையை வழித்தெடுக்கும்போது அது எலும்பிலேயே தங்கிவிடுகிறது. அடுத்தமுறை பிளந்த தலையாகக் கேட்டு வாங்குங்கள். மண்டைத் தளத்தின் நடுவில் ஒரு சிறு குழி, அதில் பிட்யூட்டரிச் சுரப்பி. அதன் இருபுறமும் கருஞ்சிவப்பாக, முற்றிய பீர்க்கங்காயின் நார்க்கூடு போலப் பஞ்சு பஞ்சாக இருப்பதுதான் நீங்கள் தேடுவது. கத்தியால் சுரண்டாமல், மழுங்கிய கரண்டிக் காம்பால் நெம்பினால் கிழியாமல் வரும்.

பூனையைப் போலவே ஆட்டுக்கும் உட்கழுத்துத் தமனியின் கழுத்துப் பகுதி தூர்ந்துவிடுகிறது. மேல்தாடைத் தமனியின் கிளைகள் இந்த வலையாகப் பிரிந்து, மறுபடி ஒரே குழாயாகச் சேர்ந்து மூளைக்குள் போகின்றன. வலை மூழ்கிக் கிடப்பது சிரை இரத்தத்தில். மூக்கின் ஈரத்தில் குளிர்ந்து திரும்பும் அந்த இரத்தம், மேலே ஏறும் சூடான தமனி இரத்தத்தின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெயிலில் ஓடிய ஆட்டின் மூளை அதன் உடலைவிடக் குளிர்ச்சியாக இருப்பது இப்படித்தான்.

இந்த வலை மருத்துவ உலகையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஏமாற்றியது. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலன் விலங்குகளில் கண்டதை மனிதருக்கும் உண்டென்று எழுதிவைக்க, எல்லோரும் நம்பினார்கள். 1543இல் உடற்கூற்று அறிஞர் வெசாலியஸ் தம் நூலில் அதை வெளிப்படையாக மறுத்தார். மனிதருக்கு அந்த வலை கிடையாது.

குர்பானியில் ஆடு சில விநாடிகளில் தளர்ந்துவிடுகிறது. மாடு சில வேளைகளில் அதிக நேரம் எடுப்பது ஏன்? (விலங்கு மருத்துவத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவி, தெம்பனிஸ்)

நல்ல கேள்வி, தேர்வுக்கும் உதவும். இரண்டுக்கும் வலை உண்டு, அதை நிரப்பும் வழிகள் வேறு. ஆட்டில் வலைக்கு வரும் இரத்தம், மேல்தாடைத் தமனிக்கு மூலமான இரு பெரிய கழுத்துத் தமனிகளையே நம்பியிருக்கிறது. இரண்டும் அறுபட்டால் மூளைக்கு வரத்து நின்றுவிடும். மாட்டில் முதுகெலும்புத் தமனியும் கிளைகள் வழியே வலைக்கு இரத்தம் சேர்க்கிறது. தொண்டை அறுப்பு அந்தத் தமனியைத் தொடுவதில்லை, அது எலும்புக்குள் ஓடுகிறது. போதாததற்கு, மாட்டின் அறுபட்ட தமனி முனை சில சமயம் உள்ளிழுத்துக்கொண்டு, சுற்றிலும் இரத்தம் உறைந்து வீங்கி அடைத்துக்கொள்ளும். அப்போது உணர்வு இழக்க ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம்.

2024 அக்டோபர் 5இல் நடந்த கடைசிப் பந்தயம்வரை கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் குதிரை பராமரித்தேன். லாயத்தில் சும்மா நின்ற குதிரைக்கு மூக்கில் இரத்தம் வந்தால் பெரியவர்கள் பதறுவார்கள். ஓட்டத்துக்குப் பின் வந்தால் அவ்வளவு பதற்றம் இல்லை. ஏன்? (உட்லண்ட்ஸ்)

பெரியவர்கள் சரியாகத்தான் பதறினார்கள். ஓட்டத்துக்குப் பின் வருவது பெரும்பாலும் நுரையீரல் இரத்தம். நிற்கும்போது வந்தால் தொண்டைக் காற்றுப்பையைச் சந்தேகிக்க வேண்டும். குதிரைக்கு நடுக்காதுக் குழாயிலிருந்து பிதுங்கிய இரண்டு பைகள் உண்டு, ஒவ்வொன்றும் 300 முதல் 500 மில்லிலிட்டர். குதிரையில் தூராமல் முழுதாக இருக்கும் உட்கழுத்துத் தமனி அந்தப் பையின் சுவரை ஒட்டியே மூளைக்குப் போகிறது. பைக்குள் பூஞ்சை பிடித்துத் தமனிச் சுவரை அரித்தால், முதலில் கொஞ்சம் கசியும். சில நாட்களில் கொட்டும், குதிரை போய்விடும்.

அரித்த இடத்துக்குக் கீழே மட்டும் தமனியைக் கட்டினால் போதாது. மறுபக்கத் தமனி வில்லிஸ் வளையத்தை நிரப்பிக்கொண்டே இருப்பதால், இரத்தம் மேலிருந்து பின்னோக்கி இறங்கி அதே ஓட்டை வழியாகக் கொட்டும். ஆகவே பலூனோ உலோகச் சுருளோ வைத்துக் கீழும் மேலும் அடைக்கிறார்கள். ஒருபக்கத் தமனி அடைபட்டாலும் அதே வளையத்தின் தயவால் மூளைக்குக் குறை வருவதில்லை.