ஒரு பெயரில் மூன்று எண்ணிகள்

கேள்வி: 8 பிட் ஏவிஆர் மைக்ரோகன்ட்ரோலருக்கு சி மொழியில் நிரல் எழுதுகிறேன். டைமர் இன்டரப்ட் (குறித்த இடைவெளியில் மற்ற வேலையை இடைமறித்து ஓடும் சிறு நிரல்) கூட்டிக்கொண்டே போகும் ஒரு 16 பிட் எண்ணியை மெயின் கோப்பும் டிஸ்ப்ளே கோப்பும் படிக்க வேண்டும். அதை ஹெடர் கோப்பில் எழுதியபோது, ஒரே மாறி பலமுறை வரையறுக்கப்பட்டிருப்பதாக லிங்கர் (மொழிபெயர்த்த கோப்புகளை ஒன்றாக இணைக்கும் கருவி) மறுத்தது. ஹெடருக்குக் காவல் வரிகள் போட்டும் பயனில்லை. முன்னால் ஸ்டாட்டிக் சேர்த்ததும் பிழை மறைந்தது. ஆனால் மெயினில் எண்ணி எப்போதும் பூஜ்யமாகவே இருக்கிறது. ஏன்?

பதில்: ஸ்டாட்டிக் சேர்த்தவுடன் மெயின், டிஸ்ப்ளே, டைமர் என மூன்று கோப்புகளுக்கும் தனித்தனி எண்ணி கிடைத்துவிட்டது. இன்டரப்ட் தன் கோப்பிலுள்ளதைக் கூட்டுகிறது. மெயினோ யாரும் தொடாத தன் எண்ணியைப் படித்துக்கொண்டிருக்கிறது. உங்களைத் தடுத்த லிங்கர் பிழை, உண்மையில் உங்களுக்கு நல்லதே செய்தது.

ஹெடரைச் சேர்ப்பது என்றால் அதன் வரிகள் அப்படியே அந்தக் கோப்பில் ஒட்டப்படுகின்றன என்றுதான் பொருள். கம்பைலர் ஒவ்வொரு மூலக் கோப்பையும் தனியாகவே மொழிபெயர்ப்பதால், காவல் வரிகள் ஒரே கோப்பிற்குள் ஹெடர் இருமுறை நுழைவதை மட்டுமே தடுக்கும். தொடக்க மதிப்பு தராமல் ஹெடரில் எழுதிய மாறிகளோடு சில பழைய நிரல்கள் ஓடியதற்குக் காரணம், ஜிசிசி கம்பைலர் அவற்றை ஒன்றாக இணைத்துவந்ததே. 2020-இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து அது இயல்பாக நடப்பதில்லை.

ஹெடரில், மாறி வேறிடத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது என்று கம்பைலருக்குச் சொல்லும் எக்ஸ்டெர்ன் என்ற சொல்லுடன், தொடக்க மதிப்பு இல்லாமல், அறிவிப்பை மட்டும் எழுதுங்கள். வரையறை டைமர் கோப்பில் ஒரே ஒருமுறை வரட்டும். அந்த டைமர் கோப்பிலும் இதே ஹெடரைச் சேர்க்க மறக்காதீர்கள். லிங்கர் பெயரை மட்டுமே பொருத்திப் பார்க்கும் என்பதால், 16 பிட்டாக வரையறுத்த மாறியை வேறொரு கோப்பில் 32 பிட்டாக அறிவித்துவிட்டால், பக்கத்து மாறியின் இரண்டு பைட்டுகளும் சேர்ந்து வாசிக்கப்படும், எச்சரிக்கை ஏதும் வராது. அறிவிப்பும் வரையறையும் ஒரே கோப்பில் எதிர்ப்பட்டால்தான் கம்பைலரால் இந்த முரணைப் பிடிக்க முடியும்.

இன்டரப்ட் மாற்றும் மாறி என்பதால், ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிக்கச் சொல்லும் வோலடைல் என்ற சொல் அறிவிப்பு, வரையறை இரண்டிலும் அவசியம். இல்லாவிட்டால் மதிப்பை ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு மெயின் சுற்று முடிவின்றிச் சுழலக்கூடும். ஆனால் அது மட்டும் போதாது. உங்கள் சிப் 16 பிட் எண்ணை இரண்டு தவணையாகவே படிக்கும்: எண்ணி 255-ஆக இருக்கையில் கீழ் பைட்டைப் படித்தவுடன் இன்டரப்ட் வந்து அதை 256 ஆக்கினால், மேல் பைட்டில் 1 கிடைத்து, மெயினுக்கு 511 என்று தெரியும். இது எப்போதாவது ஒருமுறைதான் நேரும் என்பதால் சோதனையில் சிக்குவது அரிது. ஆகவே இன்டரப்ட்டை நிறுத்தி, மதிப்பை உள் மாறியில் நகலெடுத்து, முன்பிருந்த நிலையை மீட்டுவிடுங்கள்.

மற்ற இரு கோப்புகளும் படிக்க மட்டுமே செய்வதால், நானாக இருந்தால் எக்ஸ்டெர்னையே தவிர்ப்பேன்: எண்ணியை டைமர் கோப்பிற்குள் ஒளித்துவைத்து, இந்தப் பாதுகாப்பான நகலெடுப்பைச் செய்து மதிப்பைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனை மட்டும் ஹெடரில் அறிவிப்பேன். நீங்கள் ஹெடரில் போட்ட ஸ்டாட்டிக்கிற்கு உரிய இடம் அந்த டைமர் கோப்புதான்.