பாதியில் நின்ற அப்டேட்: இணையத்தளம் கேள்வி–பதில்

கேள்வி: என் இணையத்தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் அப்டேட் பாதியில் நின்றுவிட்டது. 'பராமரிப்பு நடக்கிறது' என்ற அறிவிப்பு மட்டும் தெரிந்தது. '.மெயின்டனன்ஸ்' என்ற கோப்பை நீக்கினால் சரியாகும் என்றார்கள், நீக்கினேன். இப்போது சில பக்கங்கள் வருகின்றன, சில வெள்ளையாக நிற்கின்றன. டேஷ்போர்டு ஒருமுறை திறந்தபோது பழைய பதிப்பு எண்ணையே காட்டியது. அப்படியானால் எதுவும் மாறவில்லை என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. பதிப்பு எண் இருக்கும் கோப்பை வேர்ட்பிரஸ் வேண்டுமென்றே கடைசியில்தான் நகலெடுக்கும். அதனால் நூற்றுக்கணக்கான கோப்புகள் புதிதாக மாறிய பிறகும் எண் மட்டும் பழையதாகவே தெரியலாம். உங்கள் தளத்தில் இப்போது இருப்பது பழையதும் புதியதும் கலந்த கோப்புகள். அந்த '.மெயின்டனன்ஸ்' கோப்பு வெறும் அறிவிப்புப் பலகைதான். 10 நிமிடம் கடந்தால் வேர்ட்பிரஸே அதைப் பொருட்படுத்தாது. அதற்குப் பிறகும் அறிவிப்பு தெரிந்தால், கேஷில் (பக்கங்களின் தற்காலிகச் சேமிப்பில்) தேங்கிய பழைய பக்கத்தைப் பார்க்கிறீர்கள் என்று பொருள். நீக்கியதால் கேடு இல்லை, ஆனால் பழுது அப்படியே இருக்கிறது.

மீண்டும் அப்டேட் பொத்தானை அழுத்தாதீர்கள். முதலில், உடைந்த நிலையில் இருப்பதையே ஒரு பேக்கப் எடுங்கள். கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டையும். அடுத்து, ஹோஸ்டிங் கணக்கில் வட்டு இடம் பாருங்கள். அப்டேட் நடக்கும்போது ஜிப் கோப்பு, அதைப் பிரித்த கோப்புகள், ஏற்கெனவே உள்ளவை என மூன்றும் ஒரே நேரத்தில் இடம் பிடிக்கும். இடம் தீர்ந்து பாதியில் நிற்பது மிகச் சாதாரணம். 'டபிள்யூபி-கன்டென்ட்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'அப்கிரேட்' ஃபோல்டரில் தங்கிய மிச்சங்களைத் தயங்காமல் நீக்கலாம்.

பிறகு கைமுறையாக மாற்றுங்கள். வேர்ட்பிரஸின் முழு ஜிப்பை இறக்கி, ஃபைல் மேனேஜர் வழியாக சர்வரில் ஏற்றி, அங்கேயே பிரியுங்கள். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை எஃப்டிபி (கணினியிலிருந்து சர்வருக்குக் கோப்பு அனுப்பும் முறை) வழியாக ஒவ்வொன்றாக ஏற்றினால், இடையில் நாலைந்து விடுபட்டு இன்னொரு அரைகுறை நிலைதான் மிஞ்சும். ஜிப் பிரியும்போது எல்லாம் 'வேர்ட்பிரஸ்' என்ற தனி ஃபோல்டருக்குள் போய் விழும். அதிலிருந்து எடுத்துத் தளத்தின் மூல ஃபோல்டரில் வைக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் 'புதிதாக ஏற்றியும் மாறவில்லை' என்று தவிப்பவர்கள் ஏராளம்.

'டபிள்யூபி-அட்மின்', 'டபிள்யூபி-இன்க்ளூட்ஸ்' ஆகிய பழைய ஃபோல்டர்கள் இரண்டையும் முழுவதுமாக அகற்றிவிட்டுப் புதியவற்றை வையுங்கள். மேலே எழுதினால் போதாது, புதிய பதிப்பில் கைவிடப்பட்ட கோப்புகள் உள்ளே தங்கிவிடும். மூல ஃபோல்டரில் உள்ள தனிக் கோப்புகளை மேலெழுதலாம். 'டபிள்யூபி-கன்டென்ட்' ஃபோல்டர், 'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்பு இரண்டிலும் கை வைக்காதீர்கள். உங்கள் படங்கள், தீம் (தளத்தின் தோற்றம்), பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் நிரல்கள்), டேட்டாபேஸ் கடவுச்சொல் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. முடிந்ததும் அட்மின் பக்கத்தைத் திறந்தால், தேவை இருந்தால் டேட்டாபேஸைப் புதுப்பிக்கச் சொல்லும், ஒப்புக்கொள்ளுங்கள்.

யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்று சொல்லும் அனுமதி எண்கள் ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644. எல்லோரும் மாற்ற முடிகிற 777 எதற்கும் வேண்டாம். அப்டேட்டின்போது எஃப்டிபி கடவுச்சொல் கேட்டால், கோப்புகளின் உரிமையாளர் கணக்கும் பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) ஓடும் கணக்கும் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கும். அதை ஹோஸ்டிங் தரப்பில் மாற்றித் தர வேண்டும்.

கேள்வி: வேர்ட்பிரஸோடு பிஎச்பியையும் 7.4இலிருந்து 8.2க்கு மாற்றினேன். 'கடுமையான பிழை' என்று மட்டும் வருகிறது. அட்மினும் திறக்கவில்லை.

பதில்: ஒரே நாளில் இரண்டையும் மாற்றியதால் எது காரணம் என்று தெரியாமல் போகிறது. பிஎச்பியைத் தற்காலிகமாக 7.4க்குத் திருப்பிப் பாருங்கள். தளம் எழுந்துவிட்டால், பழைய பிளகின் அல்லது தீம்தான் காரணம். ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. 2020இல் வந்த 8.0 பதிப்பில் 'ஈச்', 'கிரியேட் ஃபங்ஷன்' போன்ற பழைய கட்டளைகள் நீக்கப்பட்டன. முன்பு வெறும் எச்சரிக்கையோடு போன பல தவறுகள் இப்போது நிரலையே நிறுத்திவிடும்.

அட்மின் மின்னஞ்சலைப் பாருங்கள். 2019இல் வந்த 5.2 பதிப்பு முதல், இப்படிப் பிழை வரும்போது மீட்பு நிலைக்கான இணைப்பு ஒன்றை வேர்ட்பிரஸ் அனுப்பும். எந்தப் பிளகின் என்றும் அதிலேயே பெரும்பாலும் இருக்கும். மின்னஞ்சல் வரவில்லையென்றால் 'டபிள்யூபி-கான்ஃபிக்'கில் பிழைகளைப் பதிவுசெய்யும் அமைப்புகளான டீபக், டீபக் லாக் இரண்டையும் 'ட்ரூ' என்றும், டீபக் டிஸ்ப்ளேயை 'ஃபால்ஸ்' என்றும் வையுங்கள். 'இதற்குக் கீழே திருத்த வேண்டாம்' என்ற வரிக்கு மேலே இவை இருக்க வேண்டும். தளத்தை ஒருமுறை திறந்துவிட்டு, 'டபிள்யூபி-கன்டென்ட்'டில் உருவான லாக் கோப்பைப் படியுங்கள். 'ஃபேட்டல் எர்ரர்' வரியில் உள்ள பாதையில் 'பிளகின்ஸ்' என்பதை அடுத்து வரும் பெயர்தான் குற்றவாளி. அந்த ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றினால் அது செயலிழக்கும், தளம் எழும்.

அந்த வரியில் 134217728 என்ற எண்ணைக் கண்டால் நினைவக வரம்பான 128 எம்பி தீர்ந்துவிட்டது. வரம்பை 256 எம்பி ஆக்கிப் பாருங்கள். வேலை முடிந்ததும் டீபக்கை அணைத்து லாக் கோப்பை அழித்துவிடுங்கள். முகவரி தெரிந்த யாரும் அதைத் திறந்து படிக்க முடியும்.

கேள்வி: அப்டேட் சொதப்பியதால் பேக்கப்பிலிருந்து மீட்டேன். தமிழ்க் கட்டுரைகள் முழுக்கக் கேள்விக்குறிகளாக வருகின்றன. எல்லாம் போய்விட்டதா?

பதில்: பதறி எந்தக் கட்டுரையையும் திறந்து சேமிக்காதீர்கள், அதுதான் உண்மையான இழப்பு. முதலில், டேட்டாபேஸைத் திறந்து பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினில் கட்டுரைகள் உள்ள டேபிளைப் பாருங்கள். அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால், டேட்டாபேஸோடு தளம் பேசும் குறியாக்கம் (எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் முறை) மட்டும்தான் தவறு. 'டபிள்யூபி-கான்ஃபிக்'கில் அதை 'யூடிஎஃப்8எம்பி4' என்று மாற்றினால் போதும்.

டேபிளிலும் கேள்விக்குறிதான் என்றால், பேக்கப் கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். அதில் தமிழ் இருந்தால் மீட்டபோதுதான் தவறு நடந்திருக்கிறது. அதே குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்து மீண்டும் இறக்குமதி செய்யுங்கள். பேக்கப்பிலேயே கேள்விக்குறி இருந்தால் அந்தப் பிரதியிலிருந்து எழுத்துகளை மீட்க வழியில்லை. அதற்கு முந்தைய பேக்கப்பைத் தேட வேண்டும்.

கேள்விக்குறிக்குப் பதில், தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தால் நம்பிக்கை உண்டு. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாகப் படித்ததால் வந்த குழப்பம் அது. பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும், குறியாக்கத்தைத் திருத்தினால் தமிழ் திரும்பும்.

கேள்வி: 'வேறொரு அப்டேட் நடந்துகொண்டிருக்கிறது' என்கிறது. எதுவும் நடக்கவில்லையே?

பதில்: முந்தைய முயற்சி விட்டுச்சென்ற பூட்டு. 15 நிமிடத்தில் தானே காலாவதியாகும். அவசரமென்றால் 'ஆப்ஷன்ஸ்' டேபிளில் 'கோர் அப்டேட்டர் லாக்' என்ற பெயருள்ள ஒரே ஒரு வரிசையை நீக்குங்கள்.

கேள்வி: வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு தள மென்பொருளான ஜூம்லாவில் 3இலிருந்து நேராக 5க்குத் தாவலாமா?

பதில்: முடியாது. 3.10, அடுத்து 4.4, அதன் பிறகே 5. ஒவ்வொரு படியிலும் பேக்கப் எடுத்து, எக்ஸ்டென்ஷன்களைப் புதுப்பித்து, டேட்டாபேஸ் அமைப்பைச் சரிபார்க்கும் பக்கத்தில் பிழை எதுவும் இல்லை என்று கண்ட பிறகே அடுத்த படி. 5க்குக் குறைந்தது பிஎச்பி 8.1 வேண்டும்.