அறுபதுக்கு மேல் கதை, ஆராய்ச்சி என்று பல பக்கம் போகலாமா?

கேள்வி: அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். கதை எழுத ஆசை, கல்வெட்டு படிக்கவும் ஆசை. இந்த வயதில் நாலு பக்கம் கால் வைத்தால் எதுவும் உருப்படாது என்கிறார்கள். உண்மையா?

பதில்:

உண்மை இல்லை. தைரியமாகக் கால் வையுங்கள். இதை நான் சொல்வதற்கு முன்னால் எங்கள் பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சென்னை ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவில் 1873ல் பிறந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891ல், பதினெட்டு வயதில் சுகுண விலாச சபை என்ற நாடக சபையைத் தொடங்கினார், பிறகு 'மனோகரா' நாடகத்தை எழுதினார், படித்தவர்களை மேடை ஏற வைத்தார். பாடப் புத்தகம் இதோடு நின்றுவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அப்புறம் உள்ளது. ஸ்மால் காஸ் கோர்ட் என்கிற சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து 1928ல், 55 வயதில் ஓய்வு பெற்றார். 1964ல் காலமானார். நடுவில் 36 வருடங்கள்!

அந்த வருடங்களில் என்னென்ன செய்தார் என்று பாருங்கள். நாடக மேடையில் தான் கண்டதையெல்லாம் ஆறு பாகங்களாக எழுதி வைத்தார். அன்றைய நடிகர்கள், ஒத்திகை, கொட்டகைக் கணக்கு எல்லாம் அதில் இருக்கிறது. அவர் எழுதாமல் விட்டிருந்தால் இவற்றில் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும். பேசும் படம் வந்தது. அறுபது தாண்டியவர் அதற்குள்ளும் போனார். 1936ல் 'மனோகரா' படமானபோது அரசன் புருஷோத்தமனாக அவரே நடித்தார். நடிப்பைக் கற்றுக்கொள்வது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். அப்புறம், எழுபதைத் தாண்டியபோது கோயில் பக்கம் திரும்பி, சிவாலயங்களைப் பற்றியும் அவற்றில் உள்ள சிற்பங்களைப் பற்றியும் தனித்தனியே நூல்கள் எழுதினார்.

நாடகக்காரருக்குச் சிற்பம் எதற்கு என்று ஒருவர் என்னிடம் கேட்டார். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ஒரு மனிதன் எப்படி நிற்கிறான், கையை எப்படி வைக்கிறான், முகத்தை எந்தப் பக்கம் திருப்புகிறான் என்று ஐம்பது வருடம் மேடையில் பார்த்த கண் அது. கல்லில் நிற்கிறவர்களையும் அதே கண்தான் பார்த்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாலு துறை, அவருக்கு ஒரே வேலை. நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். வீடு பழைய வண்ணாரப்பேட்டை. 1976ல் மண்ணடியில் ஒரு அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கிற கம்பாசிட்டராகச் சேர்ந்து, பிறகு புரூஃப் பார்க்கிறவனாகி, அறுபதில் வெளியே வந்தேன். நான் வந்த சில மாதங்களில் முதலாளி அச்சகத்தை மூடினார். மூலையில் மிச்சமிருந்த டைப் கேஸ்களை, அதாவது எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கிற தட்டுகளைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எழுத்தெல்லாம் ஈய விலைக்கு, கிலோ கணக்கில் போயிற்று. பார்க்கப் பொறுக்காமல், தரையில் சிதறிக் கிடந்ததில் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் வந்து பார்த்தால் அது பழைய 'லை'. யானைத் துதிக்கை போல மேலே வளைந்திருக்குமே, அந்த லை.

1978ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது ணா, றா, னா, லை என்று பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடம். கை பழைய அறைக்கே போகும். எந்த எழுத்து எந்த அறையில் என்று விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. பழகிய விரலைத் திருப்பப் பல மாதம் பிடித்தது. இதையெல்லாம் யார் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று, அந்த 'லை'யை வீட்டுக்குக் கொண்டுவந்த ராத்திரி யோசித்தேன். ஒரு நீள நோட்டில் எங்கள் தொழில் வார்த்தைகளைக் குறிக்க ஆரம்பித்தேன். ஸ்டிக், ஃபாரம், ட்ரெடில், காலி. காலி என்றால் எங்களுக்கு வெறுமை இல்லை, கோத்த வரிகளை அடுக்கி வைக்கிற தட்டு. இருநூறு வார்த்தைக்கு மேல் சேர்ந்தது. ஒவ்வொரு வார்த்தையோடும் ஒரு ஆள் வந்து நின்றார். என் முதல் சிறுகதை அப்படி வந்ததுதான், அறுபத்திரண்டு வயதில்.

கல்வெட்டுக்கு வந்ததும் எழுத்து வழியாகத்தான். திருவொற்றியூர்க் கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்தே போகிறேன். வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன், சுவரைப் பார்த்ததில்லை. நோட்டு எழுத ஆரம்பித்த பிறகு ஒரு நாள் சுவரில் இருந்த எழுத்து கண்ணில் பட்டது. நாற்பது வருடம் ஈயத்தில் எழுத்தை இடம் வலம் மாறிப் படித்தவனுக்குக் கல்லில் நேராகப் படிக்க வராதா என்று நின்றேன். வரவில்லை. சோழர் காலக் கல்லில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரம் ஏகாரம் வேறுபாடும் தெரியாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். 'கர' என்று நான் படித்ததை, கல்வெட்டு தெரிந்த ஒரு பெரியவர் "அது 'கா' ஐயா, அடுத்த எழுத்தையும் சேர்த்துப் பாருங்க" என்று திருத்தினார். டார்ச்சை நேராக அடிக்கக் கூடாது, சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும் என்பதும் அவர் சொல்லித் தந்ததுதான். அப்படிப் பிடித்தால் எழுத்துக் குழியில் நிழல் விழுந்து, ஒன்றுமே இல்லை என்று நினைத்த இடத்தில் ஒரு வரி எழுந்து வரும். முதல் தடவை அதைப் பார்த்தபோது கை நடுங்கியது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். என்ன வேலை பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் அதிலிருந்தே தொடங்குங்கள். உங்கள் கைக்கும் கண்ணுக்கும் மட்டும் தெரிந்தது ஏதாவது இருக்கும். முதலில் அதை எழுதி வையுங்கள், மாலையில் ஒரு மணி நேரம் போதும். கதையா கட்டுரையா என்று அப்போதே முடிவு செய்ய வேண்டாம். சம்பந்த முதலியாரின் நூல்கள் விக்கிமூலத்தில் கிடைக்கின்றன, நானும் செல்பேசியில் அங்கேதான் படித்தேன். மேடை நினைவுகளை முதலில் படியுங்கள். கல்வெட்டை மட்டும் தனியாகக் கற்காதீர்கள், கூட ஒருவர் வேண்டும்.

இப்போது ஒரு சின்ன நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒற்றியூர் மூலவர் விமானம் பின்பக்கம் யானை முதுகு மாதிரி வளைந்திருக்கும். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அதைக் கட்டிய தச்சனின் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது: ரவி என்ற வீரசோழத் தச்சன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தப் பெயர் நம் தெருவில் யாரையோ கூப்பிடுவது போல இருக்கிறது. முதல் காட்சியில் ரவி தன் மகனுக்கு அந்த வளைவை எப்படிக் கொண்டுவருவது என்று மணலில் கயிறு பிடித்துக் காட்டுகிறார். மகன் என்னுடைய கற்பனை. அவன் அப்பாவிடம் என்ன கேட்பான் என்பது இன்னும் பிடிபடவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய், அந்தப் பின்சுவர் ஓரமாகக் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.