சேவு பொரித்த எண்ணெயை டீசல் வண்டியில் ஊற்றலாமா?

சாத்தூரில் காரச்சேவு, மிக்சர் போட்டுச் சுற்று ஊர்களுக்கு அனுப்பும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. "மாதம் 150 லிட்டர் பாமாயில் பொரித்த பிறகு மிஞ்சுகிறது. எண்ணெய் சேகரிக்கும் நிறுவனம் லிட்டருக்கு 50 ரூபாய் தருகிறது. பில் வேண்டாம், 60 தருகிறேன் என்று இன்னொருவர் வருகிறார், எங்கே கொண்டுபோகிறார் என்று தெரியவில்லை. என்னிடம் 2009 மாடல் டாடா ஏஸ், 2021 மாடல் பொலிரோ பிக்கப், அப்பாவின் தோட்டத்தில் ஒரு பழைய ஆயில் எஞ்சின் இருக்கின்றன. எண்ணெயை வடிகட்டி இவற்றில் ஊற்றலாமா? மூன்று வாரமாக ஏஸில் டேங்குக்கு ஐந்து லிட்டர் கலந்து ஓட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை. டீசல் என்பவரே கடலை எண்ணெயில்தான் எஞ்சின் ஓட்டினாராமே?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பிக்கப்பில் ஒரு சொட்டுகூட வேண்டாம். ஏஸில் ஓடும், ஆனால் கணக்குப் போட்டால் உங்களுக்குக் கட்டாது. ஆயில் எஞ்சினில் ஊற்றலாம், அதற்கு ஒரு முறை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

கடலை எண்ணெய்க் கதை உண்மைதான். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் சிறிய டீசல் எஞ்சின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள், பார்த்தவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று ருடால்ஃப் டீசலே பின்னால் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் காலத்து எஞ்சின் நிதானமாகச் சுற்றுவது, எரிபொருளை அழுத்தக் காற்றால் ஊதி உள்ளே அனுப்புவது. இன்று உங்கள் பிக்கப்பில் இருப்பதற்கும் அதற்கும் பெயர்தான் ஒன்று.

சிக்கல் எங்கே என்றால், எண்ணெய் எரியுமா என்பதில் இல்லை, நன்றாகவே எரியும். அதன் பாகுத்தன்மையில்தான், அதாவது எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதில்தான், எல்லாம் இருக்கிறது. 40 டிகிரி சூட்டில் டீசலின் பாகுத்தன்மை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்குக்குள் (பாகுத்தன்மையை அளக்கும் அலகு) இருக்கும், சமையல் எண்ணெய்க்கு அதே சூட்டில் 35, 40 என்று வரும், அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டி. டீசலுக்கென்று துளை போட்ட நாசில் வழியாக அதைத் தள்ளினால் பனிப்புகை மாதிரி சிதற வேண்டியது சிறு தாரையாகப் போய் விழுகிறது. பெரிய துளியின் வெளிப்பக்கம் எரிகிறது, உள்பக்கம் பாதி வெந்து கரியாகி நாசில் முனையிலும் பிஸ்டன் தலையிலும் ரிங் இருக்கும் பள்ளத்திலும் ஒட்டிக்கொள்கிறது. இதெல்லாம் ஒரே நாளில் நடப்பதில்லை, அதனால்தான் உங்கள் "மூன்று வாரமாகக் குறையில்லை" என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கவலையாக இருந்தது. முதல் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு எல்லா வண்டியும் குறையில்லாமல்தான் ஓடும்.

பம்ப், நாசில் வேலையில்தான் என் காலம் போயிருக்கிறது. இப்படிக் கலந்து ஓட்டிய ஒரு லோடு வண்டியின் நாசிலை டெஸ்டரில் மாட்டி நெம்புகோலை அழுத்தினேன். நல்ல நாசில் என்றால் 'கிர்ர்' என்று சத்தம் போட்டுக் கூம்பாகத் தெளிக்க வேண்டும், இது சத்தமே போடாமல் ஒரு பக்கமாக ஒழுகியது. முனையைச் சுற்றிக் கரி வளர்ந்து ஊமத்தம்பூ விரிந்த மாதிரி நின்றது, நகத்தால் சுரண்டினால் வராது. அதைவிட மோசம் டிப் ஸ்டிக்கில் தெரிந்தது. எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலோடு சேர்ந்து, அங்கே இருக்கும் சூட்டில் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகிவிட்டது. இரண்டு விரலில் தொட்டு விரித்துப் பார்த்தேன், உங்களுக்குச் சொன்னால் உடனே புரியும், கம்பிப் பதம். அந்தப் பாகு பேரிங்குக்குப் போகும் சின்ன வழிகளில் ஏறாது. பேரிங் போனால் கிராங்க் போகும், அப்புறம் எஞ்சினையே இறக்கிப் பிரிக்க வேண்டியதுதான்.

இதிலே எண்ணெய்க்கு எண்ணெய் வித்தியாசம் உண்டு. சூரியகாந்தி, சோயா போன்றவை சீக்கிரம் பிசினாகும். பாமாயில் அவ்வளவு சீக்கிரம் ஆகாது, தேங்காய் எண்ணெய் இன்னும் குறைவு. 1990-களில் பப்புவா நியூ கினியாவின் போகன்வில் தீவை முற்றுகையிட்டு எரிபொருளை நிறுத்தியபோது அங்கே மக்கள் தேங்காய் எண்ணெயில் வண்டி ஓட்டினார்கள், அது முடிந்ததற்கு அந்த எண்ணெயின் குணமும் தீவின் வெக்கையும் காரணம். நம் சாத்தூர் வெயிலில் பாமாயில் உறையாது, ஆனால் கொடைக்கானலுக்குச் சரக்கு ஏற்றினால் விடியற்காலையில் ஃபில்டரிலேயே மெழுகு மாதிரி நின்றுவிடும்.

மேலும் உங்களிடம் இருப்பது புது எண்ணெய் இல்லை, பொரித்த எண்ணெய். மாவிலிருந்து வந்த தண்ணீரும் உப்பும் அதில் இருக்கின்றன, பலமுறை சூடேறியதில் கொழுப்பு அமிலம் பிரிந்து நிற்கிறது. துணியில் வடிகட்டினால் கண்ணுக்குத் தெரியும் தூள் போகும், உப்பும் அமிலமும் போகாது, அவைதான் பம்பின் உள்ளே துருவையும் அரிப்பையும் கொண்டுவருவது. தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கரண்டி எண்ணெயைச் சூடாக்குங்கள், படபடவென்று வெடித்தால் இருக்கிறது.

இனி ஒவ்வொரு வண்டியாக வருவோம்.

பிக்கப் 2021 மாடல் என்பதால் பி.எஸ்.6 புகை விதிப்படி வந்தது, காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் போகும் வகை. அதில் எரிபொருள் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் தலைமுடி அளவுத் துளை வழியாகப் போகிறது, ஒரு இன்ஜெக்டர் போனாலே பல ஆயிரம் ரூபாய், நான்கு இருக்கின்றன. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வேறு இருக்கிறது. அதைச் சுத்தம் செய்ய இது மாதிரி எஞ்சின்கள் சில நேரம் கூடுதலாக எரிபொருளைத் தெளிக்கும், டீசல் ஆவியாகிப் போய்விடும், தாவர எண்ணெய் ஆவியாகாமல் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். இதனால் பழுதானால், வாரண்டி மிச்சம் இருந்தாலும் கிடைக்காது. இதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

ஏஸ் வேறு கதை. பழைய 702 சி.சி., இரண்டு சிலிண்டர், எரிபொருள் நேராகப் பிஸ்டன் மேல் விழாமல் தனி அறையில் எரிந்து வரும் வகை, இந்த வகைதான் கெட்டி எண்ணெயை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். டீசல் பம்ப் இன்லைன் வகையா ரோட்டரி வகையா என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள். ரோட்டரி பம்புக்கு எரிபொருளேதான் மசகு, கெட்டி எண்ணெய் உள்ளே வந்தால், அதுவும் காலைக் குளிரில், உள் பாகங்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பம்பை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது நீங்கள் வண்டியை ஓட்டும் விதம். கடைக்குக் கடை நிறுத்தி, இறக்கி, மறுபடி ஸ்டார்ட் பண்ணி ஓட்டுவது, எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அடுத்த கடை வந்துவிடும். சூடேறாத எஞ்சினில், குறைந்த லோடில்தான் கரி வேகமாகச் சேரும்.

சரி, காசுக் கணக்கையும் பார்ப்போம். தினம் 120 கிலோமீட்டர், மாதம் 26 நாள், லிட்டருக்கு 16 கொடுக்கிறது என்றால் மாதம் சுமார் 200 லிட்டர் டீசல். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கலக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஆக 40 லிட்டர். டீசலை 92 ரூபாய் என்று வையுங்கள். லிட்டருக்கு லிட்டர் தாவர எண்ணெயில் சக்தி சற்றுக் குறைவு, அதனால் அதன் மதிப்பு 86 ரூபாய்தான், நாற்பதுக்கு 3,440. மண்டி கழித்து 40 லிட்டர் தேற 44 லிட்டர் வேண்டும், அதை விற்றிருந்தால் 2,200 வந்திருக்கும். மிச்சம் மாதம் 1,240 ரூபாய். இதற்குள் ஃபில்டர் அடிக்கடி மாற்ற வேண்டும், எஞ்சின் ஆயிலைப் பாதிக் கெடுவிலேயே மாற்ற வேண்டும், பம்பைப் பிரிக்கும் நாள் ஒன்று வரும். உங்கள் 150 லிட்டரில் 106 லிட்டர் அப்போதும் அப்படியேதான் நிற்கும்.

ஆயில் எஞ்சினுக்கு வருகிறேன், எனக்கு இதில்தான் நம்பிக்கை. ஒற்றைச் சிலிண்டர், மெதுவாகச் சுற்றுவது, கிணற்றிலிருந்து தண்ணீர் தூக்கும்போது ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே லோடில் மணிக்கணக்கில் ஓடுவது. எண்ணெய்க்கு ஏற்ற வேலை இதுதான். நாசில் கரி பிடித்தாலும் உள்ளூரிலேயே கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம், பெரிய செலவில்லை. செய்ய வேண்டியது இது. எண்ணெயை ஒரு டிரம்மில் அசைக்காமல் இரண்டு வாரம் வையுங்கள், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் குழாய் போட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள், கரண்டியில் சூடாக்கிப் பாருங்கள், படபடக்காமல் இருந்தால் 5 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள். எஞ்சினுக்கு இரண்டு டேங்க் வையுங்கள், சின்னதில் டீசல், பெரியதில் எண்ணெய், நடுவில் ஒரு த்ரீ-வே காக். டீசலில் ஸ்டார்ட் பண்ணி நன்றாகச் சூடேறிய பிறகே எண்ணெய்க்குத் திருப்ப வேண்டும், நிறுத்துவதற்குப் பத்து நிமிடம் முன்னால் மறுபடி டீசலுக்குத் திருப்பி, குழாயிலும் நாசிலிலும் டீசலே நிற்கிற மாதிரி அணைக்க வேண்டும். இதை ஒரு நாள் மறந்தாலும் மறுநாள் காலையில் கைப்பிடி சுற்றிச் சுற்றித் தோள்தான் வலிக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊரில் ஆயில் எஞ்சினைக் குளிர்விக்கக் கிணற்றுத் தண்ணீரையே நேராக விடுகிறார்கள், எஞ்சின் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். எண்ணெயில் ஓட்டும்போது அது கெடுதல். தண்ணீர் வரும் குழாயைக் கொஞ்சம் மூடி, வெளியே வரும் தண்ணீர் 70 டிகிரி அளவில், கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்படி செய்யுங்கள். புகைக்குழாயில் இரண்டு சுற்றுச் செம்புக் குழாய் சுற்றி எண்ணெயைச் சூடாக்குபவர்களும் இருக்கிறார்கள், செம்பு பழைய எண்ணெயை இன்னும் சீக்கிரம் கெடுக்கும், அதனால் நான் ஸ்டீல் குழாய் போடச் சொல்வேன். எஞ்சின் ஆயிலை வழக்கமான கெடுவில் பாதியில் மாற்றிவிடுங்கள்.

வீட்டிலேயே பயோடீசல் ஆக்கிவிட்டால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள், இணையத்தில் அதற்கு நிறைய வீடியோ இருக்கிறது. வேதியியல் சரிதான்: 100 லிட்டர் எண்ணெய்க்கு 20 லிட்டர் மெத்தனால், கொஞ்சம் காஸ்டிக் சோடா, 55–60 டிகிரி சூடு, கிளிசரின் கீழே இறங்கும், பயோடீசல் மேலே நிற்கும், பாகுத்தன்மை டீசலுக்கு அருகில் வந்துவிடும். ஆனால் மெத்தனால் விஷம், அதன் ஆவி தீப்பிடிக்கும், பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்குக்கூடத் தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது இதே மெத்தனால்தான். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். அடுப்பு எரிகிற, வேலைக்கு ஆட்கள் வந்துபோகிற பட்டறையில் அதை ஒரு கேனில்கூட வைக்காதீர்கள், கைகூப்பிக் கேட்கிறேன்.

அந்த வேலையை அதற்கென்று ஆலை வைத்திருப்பவர்கள் செய்யட்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018-இல் ரூகோ என்ற திட்டத்தைத் தொடங்கியதே இதற்காகத்தான், பொரித்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்க. டீசலில் 7 சதவீதம் வரை பயோடீசல் கலக்க இந்தியத் தர விதியே இடம் தருகிறது, 2030-க்குள் 5 சதவீதக் கலப்பு என்பது மத்திய அரசின் இலக்கு. முறையாகச் செய்து தரம் பார்த்துக் கலந்தால் உங்கள் எண்ணெய் உங்கள் பிக்கப்புக்கே எந்தக் கெடுதலும் இல்லாமல் திரும்பி வர முடியும். 50 ரூபாய் தரும் நிறுவனம் அந்த ரூகோ திட்டத்தில் பதிவு செய்திருக்கிறதா என்று கேட்டு, ஒவ்வொரு முறையும் ரசீது வாங்கி வையுங்கள். பொரிக்க நாள் ஒன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தினால் எவ்வளவு எண்ணெய் பயன்படுத்தினீர்கள், பழையதை யாரிடம் கொடுத்தீர்கள் என்று எழுதிவைக்கும் பதிவேடு 2019 மார்ச் முதல் கட்டாயம்.

பில் இல்லாமல் 60 தருகிறேன் என்பவருக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ரசீது வேண்டாம் என்கிறவர் அதை எங்கே கொண்டுபோகிறார் என்று உங்களால் பார்க்க முடியாது. பயோடீசல் ஆலை தருவதைவிட அதிக விலை கொடுத்துக் கட்டுப்படியாகும் இடம் பெரும்பாலும் இன்னொரு கடாய்தான், தெளிய வைத்துப் புது எண்ணெயோடு கலந்து ஏதோ ஒரு கடையில் பஜ்ஜி போடுவார்கள், அதைச் சாப்பிடப் போவது பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். 150 லிட்டருக்கு 1,500 ரூபாய் கூடக் கிடைக்கிறது என்பதற்காக அது நடக்க வேண்டாம்.

ஏஸில் ஏற்கெனவே கலந்து ஓட்டிவிட்டீர்கள், அதற்கு இந்த வாரமே செய்ய வேண்டியது: டேங்கில் இருப்பதை ஓட்டித் தீர்த்துவிடாமல் இறக்கிவிடுங்கள், டீசல் ஃபில்டரை மாற்றுங்கள், இரண்டு டேங்க் சுத்தமான டீசலில் ஓட்டுங்கள். எஞ்சின் ஆயில் எப்போது மாற்றியது என்று பார்க்கவே வேண்டாம், ஃபில்டரோடு சேர்த்து இப்போதே மாற்றிவிடுங்கள். வடிக்கும் பழைய ஆயிலில் ஒரு சொட்டை விரலில் எடுத்து விரித்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பிழைத்தது. நூல் இழுத்தால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஆயில் சம்ப்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.